கண்மாய்க்குள் சீமைக் கருவேலம்: பிடுங்கினால் மட்டும் போதுமா?

புதுமடை | மார்ச் 2, காலை 7.10

எங்கள் ஊர்க் கண்மாய் 38 ஏக்கர். உள்வாய், அதாவது தண்ணீர் நிற்கும் உட்பரப்பு, முழுக்கச் சீமைக் கருவை. ஆள் நுழைய முடியாது. மாடு நுழைந்தால் தேடி எடுக்க முடியாது. ஒப்பந்தக்காரர் ஒருவர் வந்து, இரண்டு ஜேசிபி, இருபது நாள், சுத்தமாக்கித் தருகிறேன், விறகு எனக்கு, ஊருக்கு ஒரு தொகை என்கிறார். ஊர்க்கூட்டத்தில் எல்லோருக்கும் சம்மதம். இந்த மரம் காற்றின் ஈரத்தைக்கூட உறிஞ்சும், இதன் நிழலில் கட்டிய மாடு சினை பிடிக்காது, வெள்ளைக்காரன் நம்மைக் கெடுக்கவே விதையைத் தூவிவிட்டுப் போனான் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை வாசித்தும் காட்டினார்கள். ஒரேயடியாகப் பிடுங்குவதுதானே நல்லது? கையெழுத்துப் போடுமுன் கேட்க வேண்டியது ஏதும் உண்டா?

கண்மாய்க்கரை | மார்ச் 2, இரவு 9.40

நிறைய உண்டு.

முதலில், கண்மாய் யாருடையது? ஆயக்கட்டு, அதாவது கண்மாயால் பாசனம் பெறும் நிலம், 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் நீர்வளத்துறை. அதற்குக் கீழ் என்றால் ஊராட்சி ஒன்றியம். மரமும் அவர்கள் கணக்கில்தான் இருக்கும். ஊர் தானாக ஒரு தொகை பேசி முடித்தால் நடுவேலையில் வந்து நிறுத்துவார்கள்; பாதி பிடுங்கிய கண்மாய்தான் மிஞ்சும். முறைப்படி ஏலம் விடச் சொல்லுங்கள்.

இரண்டாவது, வேலையின் வரிசை. ஒப்பந்தக்காரர் பருத்த மரம் நிற்கும் இடத்திலிருந்துதான் தொடங்குவார், அவருக்கு அங்கேதான் காசு. உங்களுக்கு வேண்டியது வேறு. வரத்துக்கால் முதலில். தண்ணீர் வந்து சேரும் வழியில் கருவை அடைத்திருந்தால் உள்வாயை எவ்வளவு துடைத்தாலும் கண்மாய் பெருகாது. அடுத்து மடை முகப்பு, உபரித் தண்ணீர் வழியும் கலுங்கு, அது ஓடும் மறுகால். அதற்குப் பிறகுதான் உள்வாய், அதுவும் மடைப் பக்கத்து ஆழத்திலிருந்து மேட்டை நோக்கி.

மூன்றாவது, கரையில் நிற்கும் மரத்தை இயந்திரம் தொடவே கூடாது.

நான்காவது, தூர், அதாவது வேரோடு சேர்ந்த அடிக்கட்டை. தரைமட்டத்துக்கு வெட்டிவிட்டுப் போனால் ஒரு மழைக்கு ஒரு தண்டு இருந்த இடத்தில் ஏழெட்டுத் தண்டு கிளம்பும். ஒப்பந்தத்தில் ‘தூரோடு’ என்ற சொல் இருக்கட்டும். ‘மண்ணுக்குக் கீழே ஓரடி வரை’ என்று அளவும் இருக்கட்டும்.

வாட்ஸ்அப் சங்கதிகளைப் பிறகு எழுதுகிறேன். சுருக்கமாக: மரம் கெடுதல் செய்கிறது, உண்மை. அதில் சொல்லியிருக்கும் காரணங்கள் உண்மையில்லை.

கரிமூட்டம் | மார்ச் 3, காலை 6.05

ஓரடி ஏன் என்றும் சொல்லிவிடுங்கள் அண்ணே, இல்லையென்றால் ஆறு அங்குலத்தில் நிறுத்திவிடுவார்கள். தண்டும் வேரும் சேர்கிற கழுத்தில்தான் உறங்கும் மொட்டுகள் இருக்கின்றன. வண்டல் படிந்த கண்மாயில் அந்தக் கழுத்து மண்ணுக்குள் புதைந்து கிடக்கும். கழுத்துக்குக் கீழே அறுத்த வேர் பொதுவாகத் திரும்ப முளைக்காது. வெட்டிய குழியை நேரில் பாருங்கள்: உள்ளே தெரியும் முனை வழவழப்பான ஒற்றை வேராக இருக்க வேண்டும். முண்டும் முடிச்சுமாகத் தெரிந்தால் கழுத்து இன்னும் உள்ளேதான் இருக்கிறது.

புதுமடை | மார்ச் 3, மதியம் 1.30

கரையைத் தொடாதே என்றால் எப்படி? கரையில்தான் அடர்த்தி அதிகம். மடைக்குப் போக வழியே இல்லை.

கண்மாய்க்கரை | மார்ச் 4, இரவு 10.15

முந்தாநாள் எழுதியதைத் திருத்த வேண்டும். ‘தொடவே கூடாது’ என்றது அதிகம். இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள்.

மண் கரைக்குள் வேர் வலைபோல ஓடியிருக்கும். ஜேசிபி வாளியால் இழுத்தால் மரம் மட்டும் வராது, கரையின் ஒரு துண்டே பெயர்ந்து வரும். ஓட்டுநர் அந்தக் குழியில் மண்ணைத் தள்ளி வாளியால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போவார். பார்க்கச் சமமாகத்தான் இருக்கும். ஐப்பசியில் தண்ணீர் ஏறும்போது தளர்ந்த மண் ஊறி, கசிவு அங்கேதான் பிடிக்கும். கசிவு கலங்கலாக வந்தால் உள்ளே மண் அரிக்கிறது என்று பொருள். அதற்குப் பிறகு மணல்மூட்டையோடு இரவு முழுக்கக் கரையில் நிற்க வேண்டியதுதான்.

வெட்டிவிட்டுத் தூரை அப்படியே சாகவிட்டாலும் பிரச்சினை உண்டு. பருத்த வேர் மட்கினால் அந்த இடம் குழாய்போல வெற்றாகிவிடும், தண்ணீர் அதன் வழியே போகும். ஆகவே:

மடைக்கும் கலுங்குக்கும் இருபுறமும் முப்பது அடிக்குள் நிற்கும் மரத்தை எடுத்தே ஆக வேண்டும். கோடையில், கண்மாய் வறண்டிருக்கும்போது, கடப்பாரை மண்வெட்டியோடு ஆள் வைத்து, வேர் போகும் திசையில் தோண்டி எடுக்க வேண்டும். குழியை நிரப்பும்போது உள்வாய்க் களிமண்ணை அரையடி கனத்துக்குப் போட்டு, கையில் பிடித்தால் உருண்டை நிற்கும் அளவுக்கு ஈரம் காட்டி, திமிசுக் கட்டையால் இடித்து, பிறகு அடுத்த அரையடி. காய்ந்த மண்ணை இடித்தால் இறுகாது. சேறாக்கி இடித்தால் காய்ந்தபின் வெடிப்பு விடும்.

மற்ற இடங்களில் கட்டை விரல் பருமனுக்குக் கீழ் உள்ளதை ஈரத்தில் பிடுங்கலாம். பெரியதை வருஷத்துக்கு இரண்டு தடவை தரையோடு வெட்டி, தலையெடுக்க விடாமல் வைத்திருங்கள். இடையில் பனையும் வேம்பும் புங்கையும் வெளிச்சரிவில் வரட்டும். சீமைக் கருவைக்கு வெயில் வேண்டும்; நிழலில் அதன் கன்று சீக்கிரம் எழும்பாது. பத்து வருஷத் திட்டம்தான். கரை விஷயத்தில் குறுக்குவழி கிடையாது.

புதுமடை | மார்ச் 5, காலை 8.20

சரி, கரை புரிந்தது. வெள்ளைக்காரன் விஷயம்? ஹெலிகாப்டரில் தூவினார்கள் என்று என் சித்தப்பா அடித்துச் சொல்கிறார்.

கண்மாய்க்கரை | மார்ச் 5, இரவு 9.00

கெடுக்க வேண்டும் என்று யாரும் கொண்டு வரவில்லை. நல்லது என்று நம்பித்தான் கொண்டு வந்தார்கள். ஊர்க்கூட்டத்தில் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லுங்கள், ஏனென்றால் இப்போது பிடுங்குவதும் நல்லது என்று நம்பித்தான்.

மரத்தின் தாயகம் மத்திய அமெரிக்கா, கரீபியன், தென் அமெரிக்காவின் வடபகுதி. சென்னை மாகாண வனத்துறையில் இருந்த பெட்டோம், வறண்ட நிலத்தில் விறகுக்கு ஆகும் என்று விதை கேட்டு 1876-இல் அரசுக்கு எழுதினார். 1877-இல் கடப்பை மாவட்டம் கமலாபுரத்தில் விதைத்தார்கள். தாது வருஷப் பஞ்சம் நடந்துகொண்டிருந்த காலம் அது. வானத்திலிருந்து தூவிய கதை நம் ஊருடையது அல்ல, ஜோத்பூருடையது: 1930-களில் அந்த சமஸ்தானத்தில் விமானத்திலிருந்து விதை தூவினார்கள், 1940-இல் அதை அரச மரியாதைக்குரிய செடி என்றே அறிவித்தார்கள். குஜராத்தின் கட்ச்சில் பன்னிப் புல்வெளியை நோக்கி உப்புப் பாலை நகர்வதைத் தடுக்க 1960-களில் வனத்துறை நட்டது. இன்று அந்தப் புல்வெளியில் பெரும்பகுதியை மரம் விழுங்கிவிட்டது. அங்கே அதற்கு ‘காண்டோ பாவல்’ என்று பெயர், பைத்தியக் கருவேலம். காங்கிரேஜ் மாடு நெற்றைத் தின்று நோயில் விழ, மேய்ச்சல்காரர்கள் எருமைக்கு மாறினார்கள்.

நம் பக்கம் வேலிக்கும் அடுப்புக்கும் ஊரே விரும்பி வைத்தது. ‘வேலிக்காத்தான்’ என்ற பெயரை யாரும் வெறுப்பில் வைத்திருக்க முடியாது.

உவர் நிலத்தைத் திருத்த கர்னாலில் உள்ள மத்திய மண் உவர்மை ஆராய்ச்சி நிறுவனம் இதே மரத்தைப் பயன்படுத்தியிருக்கிறது. வேர்முடிச்சு வழியே மண்ணில் தழைச்சத்து சேர்ப்பதும் உண்மை. வைத்தவர்கள் எதிர்பார்த்தது எல்லாம் நடந்தது. எதிர்பார்க்காதது ஒன்றுதான்: இனிப்பான நெற்றை மாடு தின்னும், விதை சாணியில் உயிரோடு வெளியே வரும், அதுவும் முளைக்கத் தயாராக.

புதுமடை | மார்ச் 6, காலை 7.45

காற்றின் ஈரம், சினை, கரியமிலவாயுவைக் கக்குகிறது என்பது? உலகின் மோசமான நூறு ஆக்கிரமிப்பு உயிரினங்களில் இதுவும் ஒன்று என்றும் இருக்கிறது.

கண்மாய்க்கரை | மார்ச் 6, இரவு 8.50

ஒவ்வொன்றாக.

காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி நிலத்தடி நீரை வற்ற வைப்பது: இல்லை. அது வேரால்தான் குடிக்கிறது. எத்தியோப்பியாவின் அஃபாரில் தண்டில் கருவி பொருத்தி அளந்தார்கள். மரத்துக்கு நாளொன்றுக்குச் சராசரி ஏழு லிட்டர். ஒரு வாளி கூட இல்லை. ஆனால் உங்கள் 38 ஏக்கரில், ஏக்கருக்கு 600 மரம் என்று வைத்தால், 22,800 மரம். நாளைக்கு 1,59,600 லிட்டர், 12,000 லிட்டர் லாரி பதின்மூன்று. மற்ற செடிகள் காய்ந்து உறங்கும் சித்திரையிலும் இது பச்சையாக நிற்பதுதான் சிக்கல். ஒற்றை மரத்தைப் பூதமாக்க வேண்டாம். எண்ணிக்கையும் வருஷம் முழுக்கக் குடிப்பதும்தான் கேடு.

கரியமிலவாயு: எல்லா மரத்தையும் போலத்தான் இதுவும், பகலில் இழுக்கிறது, இரவில் கொஞ்சம் விடுகிறது.

சினை பிடிக்காது: நிழலில் கட்டுவதால் அப்படி ஆவதற்கு வழியே இல்லை. நெற்றை மட்டுமே தீனியாகப் போட்டால் மாட்டுக்கு வேறு கேடு வரும். தாடை நரம்பு பாதித்து, வாய் ஒரு பக்கம் கோணி, அசை போட முடியாமல் மெலியும். பிரேசிலில் அதற்கு ‘கோணல் முகம்’ என்றே பெயர். கென்யாவின் பரிங்கோ ஏரிப் பக்கம், 1980-களின் தொடக்கத்தில் நட்ட மரத்தால் ஆட்டுக்குப் பல்லே போயிற்று என்று அரசு மீது வழக்குப் போட்ட மக்கள், பல்லில்லாத ஆட்டையே நீதிமன்றத்துக்குக் கொண்டு போனார்கள்.

நூறு உயிரினப் பட்டியல்: அதில் இருப்பது இதன் நெருங்கிய உறவு, புரோசோபிஸ் கிளாண்டுலோசா. நம்முடையது ஜூலிபுளோரா. நம்முடையது குறைந்த கேடு என்று இதற்குப் பொருளில்லை. கூட்டத்தில் யாராவது பட்டியலை எடுத்துப் பார்த்து, ‘இது பொய், அப்போது மற்றதும் பொய்’ என்று கிளம்பிவிடக் கூடாது.

கண்மாய்க்கரை | மார்ச் 7, காலை 6.30

நேற்றைய 13 லாரிக் கணக்கு பற்றி மறுயோசனை. மரத்தை எடுத்தால் அத்தனையும் மிச்சம் என்று சொல்லிவிடாதீர்கள். அந்த இடத்தில் வேறு புல் பூண்டு வரும், அதுவும் குடிக்கும். வெற்றுத் தரையிலிருந்து வெயில் நேரடியாக இழுக்கும். மிச்சமாவது ஒரு பங்குதான். கண்மாய்க்கு உறுதியான லாபம் வேறு: வண்டல் எடுக்க வழி பிறக்கும், வரத்து திறக்கும், மடை இயங்கும்.

கரிமூட்டம் | மார்ச் 8, மாலை 5.50

விறகுக்கு ‘ஒரு தொகை’ என்கிறாரே அந்த ஒப்பந்தக்காரர், எவ்வளவு டன் நிற்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? அவருக்குத் தெரியும்.

கணக்கு எளிது. 33 அடிக்கு 33 அடி சதுரம் கயிறு பிடியுங்கள். 1,089 சதுர அடி, அதாவது இரண்டரை செண்ட், ஏக்கரில் நாற்பதில் ஒரு பங்கு. அதற்குள் நிற்பதை வெட்டி, மணிக்கட்டுப் பருமனுக்கு மேல், கீழ் என்று இரண்டாகப் பிரித்து எடைமேடையில் போடுங்கள். நாற்பதால் பெருக்கினால் ஏக்கர் எடை.

பருத்தது கரி எரிக்கும் மூட்டத்துக்கு, மெல்லிசு உயிர்மப் பொருளில் மின்சாரம் எடுக்கும் ஆலைக்கோ செங்கல் சூளைக்கோ போகும். விலை வேறு வேறு. ‘விறகு எனக்கு’ என்று எழுதினால் பருத்ததை ஏற்றிக்கொண்டு சிறுகொப்பைக் கண்மாயிலேயே விட்டுப் போவார். முள்ளுக் குவியல் மடையில் வந்து அடையும். ‘கொப்பு, முள், தூர் உட்பட’ என்று எழுதுங்கள்.

கரியாக்க நான்கு அல்லது ஐந்து டன் காய்ந்த விறகுக்கு ஒரு டன் கரி. வெட்டியதை உடனே அடுக்கக் கூடாது. பதினைந்து இருபது நாள் வெயிலில் கிடக்கட்டும், பச்சையாக அடுக்கினால் ஈரத்தை ஓட்டுவதற்கே விறகு எரிந்து போகும். மூன்று நான்கடித் துண்டு, பருத்தது நடுவில், மெல்லிசு ஓரத்தில், சாய்த்து நிற்க வைத்து இடைவெளியைச் சுள்ளியால் அடைக்க வேண்டும். மேலே பச்சைத் தழையோ வைக்கோலோ ஒரு சாண், அதற்கு மேல் ஈரமண். உச்சியில் தீ வைத்து, தீ பிடித்ததும் மூடி, அடியில் சுற்றிலும் காற்றுக்கண் விட வேண்டும்.

பிறகு எல்லாம் புகைதான் சொல்லும். வெள்ளையாகத் திரண்டு வந்தால் நீராவி. மஞ்சள் கலந்து கண்ணைக் கரித்தால் விறகு வேகிறது. மெல்லிசாக நீலம் பாய்ந்தால் அந்தப் பக்கம் வெந்துவிட்டது, உடனே அந்தக் கண்ணை மண்ணால் அடைக்க வேண்டும். மூட்டம் எங்காவது உள்வாங்கி மண் பிளந்தால் நடு இரவானாலும் ஈரமண் வைத்துப் பூச வேண்டும். விட்டால் காலையில் சாம்பல்தான். ஆறும் முன் பிரித்தால் கரி திரும்பப் பற்றும். பிரித்த கரியை ஒரு நாளாவது திறந்த வெளியில் வைத்துப் பார்த்துத்தான் லாரியில் ஏற்ற வேண்டும், உள்ளே ஒரு கங்கு இருந்தால் பாதி வழியில் லாரியே போய்விடும்.

கண்மாய்க்கரை | மார்ச் 8, இரவு 9.30

ஒரு சதுரம் போதாது. அடர்ந்த இடத்தில் ஒன்று, நடுத்தரமாக ஒன்று, சிதறலாக ஒன்று, மூன்று எடுங்கள். கண்மாயில் மடைப் பக்கமும் மேட்டுப் பக்கமும் ஒரே மாதிரி வளராது. ஒரே சதுரத்தை வைத்து ஏலத்தொகை கேட்டால் ஆளே வரமாட்டார்கள், அல்லது ஊர் ஏமாறும்.

கரிமூட்டம் | மார்ச் 9, காலை 6.20

ஒப்புக்கொள்கிறேன், மூன்றுதான் சரி. பச்சை எடைக்கும் காய்ந்த எடைக்கும் வித்தியாசம் பெரிது, அதையும் ஏலத்தில் எந்த எடை என்று சொல்லிவிட வேண்டும்.

ஒரு விஷயம் மனசில் உறுத்துகிறது, அதையும் எழுதிவிடுகிறேன். முதுகுளத்தூர், கமுதி, கடலாடி, சாயல்குடி, விளாத்திகுளம் பக்கம் மழை பொய்த்த வருஷத்தில் அடுப்பு எரிந்தது இந்த மரத்தால்தான். வெட்டினால் மூன்று நான்கு வருஷத்தில் திரும்ப வெட்டுக்கு வருகிற விளைச்சல் வேறு எதுவும் அந்தத் தரிசில் இல்லை. தூரோடு எடு என்றால் அந்தக் குடும்பங்களுக்கு அடுத்த வெட்டு இல்லை. ‘முள்ளை ஒழிப்போம்’ என்று மேடையில் பேசுகிறவர்கள் இதை ஒரு வரி கூடச் சொல்வதில்லை.

கண்மாய்க்கரை | மார்ச் 9, இரவு 10.40

இதை ஒதுக்க முடியாது. என் பார்வை: கண்மாய், ஊருணி, வரத்துக்கால், ஆற்றுப்படுகை, இங்கெல்லாம் தூரோடு எடுப்பதில் பேச்சே இல்லை. தனியார் பட்டாத் தரிசில், வேறு பயிருக்கு வழி பிறக்கும் வரை, வெட்டு முறையாக நடக்கட்டும். ஆனால் நெற்று முற்றும் முன் வெட்ட வேண்டும்; மாடு நுழையாமல் இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே கோலால் அளந்ததுதான் 2017-இல் நடந்தது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அகற்றச் சொல்லி, மாவட்டம்தோறும் இயந்திரம் இறங்கியது. அதே வருஷம் தடையும் வந்தது. அவசரத்தில் தூரை விட்டு மேலே வெட்டிய இடம் பழைய அடர்த்தியைத் தாண்டி வளர்ந்தது. 2022-இல் தமிழக அரசு அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது. அதில் அகற்றுவதோடு அந்த இடத்தை மீட்டெடுப்பதும் சேர்ந்தே பேசப்படுகிறது. உங்கள் ஏல நிபந்தனையிலும் இரண்டும் சேர்ந்தே இருக்கட்டும். ஏல முன்பணத்தில் ஒரு பகுதியை இரண்டு மழை முடியும் வரை திருப்பித் தராமல் வையுங்கள்.

புதுமடை | மார்ச் 11, காலை 7.00

இன்று கயிறு பிடிக்கப் போனோம். ஒரு சிக்கல். முள் உள்ளதெல்லாம் சீமைக் கருவை என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். நடுவில் வேறு மரமும் நிற்கிற மாதிரி இருக்கிறது.

கண்மாய்க்கரை | மார்ச் 11, இரவு 8.15

நிற்கும். இயந்திரம் வந்தால் முதலில் போவதும் அவைதான், ஏனென்றால் தண்டு நேராக, பருமனாக இருக்கும்.

பூவையும் நெற்றையும் பாருங்கள். சீமைக் கருவைக்குப் பூ விரல் நீளக் கதிர், வெளிறிய மஞ்சள். நெற்று தட்டையாக, மஞ்சளாக, வாயில் வைத்தால் இனிக்கும். கிளை கணுவுக்குக் கணு கோணிக்கோணிப் போகும், கணுவில் இரட்டை முள். நாட்டுக் கருவேலத்துக்குப் பூ மஞ்சள் உருண்டை. நெற்று விதைக்கு விதை இறுகி, மணி கோத்த மாலைபோலத் தொங்கும். வெள்வேலின் பட்டை வெளிறியிருக்கும். குடைவேல் தூரத்திலேயே தெரியும், விரித்த குடை. வன்னிக்கும் பூ கதிர்தான், ஏமாந்துவிடாதீர்கள். முள் கணுவில் இரட்டையாக இல்லாமல் கிளை நெடுகச் சிதறி இருக்கும், நெற்று மெலிந்து உருண்டது.

வன்னியும் சீமைக் கருவையும் நேற்று வரை ஒரே பேரினம். 2022-இல் தாவரவியலாளர்கள் பிரித்தார்கள்: வன்னி புரோசோபிஸாகவே நிற்கிறது, சீமைக் கருவை நெல்டுமா ஆயிற்று. ராஜஸ்தானில் வன்னிக்கு அடியில் கம்பு விளைகிறது. சீமைக் கருவைக்கு அடியில் ஒன்றும் எழுவதில்லை, உதிர்ந்த இலையின் சாறே மற்ற விதையின் முளைப்பை அடக்குகிறது.

விட வேண்டிய மரத்தில் நெஞ்சளவில் வெள்ளைச் சுண்ணாம்பு வளையம் போடுங்கள். எண்ணி எழுதி, ஒன்றுக்கு இவ்வளவு அபராதம் என்று ஒப்பந்தத்தில் சேருங்கள்.

கரிமூட்டம் | மார்ச் 11, இரவு 9.05

சிவப்பு வளையம் வேண்டாம். வெட்ட வேண்டியதற்குச் சிவப்பு போடுகிற பழக்கம் உண்டு, கூலியாள் குழம்பிவிடுவார்.

புதுமடை | மார்ச் 14, காலை 9.40

அளந்தபோது கண்டது: தென்மேற்கு மூலையில் கருவை மேல் நாரை, கொக்கு, நீர்க்காகக் கூடுகள். குஞ்சு சத்தம் கேட்கிறது.

கண்மாய்க்கரை | மார்ச் 14, காலை 10.10

அந்த மூலையை நிறுத்துங்கள். இப்போது குஞ்சு இருக்கும் காலம். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் போன்ற முதுகுளத்தூர்ப் பக்கத்துச் சரணாலயங்களில் கண்மாய்க்குள் நிற்கும் முள்மரங்களில்தான் கூடு. நூறு வருஷத்துக்கு மேல் நம் நிலத்தில் நிற்கிற மரத்தில் பறவை வீடு கட்டிக்கொண்டது. மரம் கெட்டது என்பதால் கூடும் கெட்டதாகிவிடாது.

வழி இதுதான்: அந்த மூலையில் ஒன்றிரண்டு ஏக்கரை விட்டுவிட்டு, பக்கத்திலேயே மேடு எழுப்பி நாட்டுக் கருவேலம் வையுங்கள். அதில் கூடு ஏறிய பிறகு பழையதை ஒரு பகுதியாக எடுக்கலாம். ஐந்தாறு வருஷம் ஆகும். வனத்துறைக்கும் இப்போதே எழுதுங்கள்.

கண்மாய்க்கரை | மார்ச் 15, இரவு 9.20

கூடுகளைப் பற்றி எழுதியதும் நினைவு வந்தது: மாலியில், இந்த மரம் நிறைந்த கிராமங்களில் பூத்த கிளைகளை மட்டும் கழித்துப் பார்த்தார்கள். கொசு பாதிக்கு மேல் குறைந்தது. வேறு பூ இல்லாத வறட்சியிலும் இது தேன் கொடுத்து மலேரியாக் கொசுவைத் தாங்கியிருக்கிறது. ஊர் ஓரத்து மரத்திலிருந்து தொடங்கலாமா என்று யாராவது கேட்டால் இது ஒரு நல்ல காரணம்.

புதுமடை | ஏப்ரல் 20, மாலை 6.30

ஏலம் முடிந்தது. வரத்துக்காலும் மடையும் ஆயிற்று. இப்போது வண்டல் அள்ள விவசாயிகள் டிராக்டரோடு நிற்கிறார்கள்.

கண்மாய்க்கரை | ஏப்ரல் 20, இரவு 8.00

நிறுத்துங்கள், ஒரு நாள் பொறுக்கட்டும். மேல் அரையடி மண் முழுக்க விதை. அது வயலுக்குப் போனால் இந்தக் கண்மாயை நாற்பது வயலுக்குப் பங்கு போட்ட மாதிரி. மேல் மண்ணை வழித்து ஓர் ஓரத்தில் குவித்து, அதற்குக் கீழே உள்ள வண்டலைக் கொடுங்கள். குவியலில் முதல் மழைக்கு முளைப்பதை உழுது விடலாம். கொளுத்தினால் மேலே கிடக்கும் நெற்று போகும், இரண்டு அங்குலம் உள்ளே கிடக்கும் விதைக்குச் சூடு போகாது.

மாடு இன்னொன்று. நெற்று உதிரும் காலம் இது. வெளியே நெற்றுத் தின்ற மாட்டைக் கண்மாய்க்குள் ஓட்டினால் சாணியில் விதைப்புதான். ஒரு வாரம் பட்டியில் கட்டி வேறு தீனி போட்டபின் ஓட்டட்டும். ஆடு நன்றாக மென்றுவிடுவதால் அதன் வயிற்றில் விதை அதிகம் சாகும், மாட்டில் குறைவாகத்தான் சாகும்.

கரிமூட்டம் | ஏப்ரல் 21, காலை 6.00

நெற்றைப் பொறுக்கிக் காயவைத்து இயந்திரத்தில் மாவாக அரைத்தால் விதை உடைந்துவிடும், அடர்தீவனத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரை கலக்கலாம். ஈரநெற்று அரைபடாது, சர்க்கரை உருகிச் சல்லடையில் பாகாக ஒட்டும். மொறுமொறுவென்று ஒடியும் வரை காய வேண்டும்.

புதுமடை | நவம்பர் 12, காலை 7.30

கண்மாய் முக்கால் பெருகியது. கரை கசியவில்லை. ஆனால் மேட்டுப் பக்கம், தண்ணீர் ஏறாத இடத்தில், பச்சைப் பாய் விரித்த மாதிரி கன்று. இத்தனை செய்தும் ஏன்?

கண்மாய்க்கரை | நவம்பர் 12, இரவு 9.10

வரத்தான் செய்யும் தம்பி. கெட்டி ஓட்டுக்குள் விதை வருஷக்கணக்கில் மண்ணில் உயிரோடு கிடக்கும். ஏல முன்பணத்தில் ஒரு பகுதியை இரண்டு மழை முடியும் வரை திருப்பித் தராமல் வைக்கச் சொன்னது இதற்குத்தான். ஒப்பந்தக்காரரைக் கூப்பிடுங்கள்.

எப்போது பிடுங்குவது என்பதுதான் முக்கியம். முளைத்ததும் இரண்டு தடித்த வித்திலை, அடுத்து ஒற்றை இறகுபோல ஓர் இலை, அதற்குப் பிறகு இரட்டையாகப் பிரிந்த இலை. அந்த இரட்டை இலை மூன்று நான்கு வந்த நிலையில், மண் ஈரமாக இருக்கும்போது, தரையை ஒட்டிப் பிடித்து நேர் மேலாக இழுங்கள். பக்கவாட்டில் இழுத்தால் ஒடியும். வித்திலை ஒட்டியிருந்த தழும்புக்கு மேலே ஒடிந்தால் திரும்பத் தளிர்க்கும். கையில் வந்த கன்றில் அந்தத் தழும்பும் அதற்குக் கீழே வெள்ளை வேரும் இருக்க வேண்டும், அதைப் பார்த்துத்தான் கீழே போட வேண்டும். முழங்கால் உயரம் போய்விட்டால் கைக்கு வராது, கடப்பாரைதான்.

தை வரை பத்து நாளைக்கு ஒரு தடவை. அடுத்த வருஷம், அதற்கடுத்த வருஷமும். ஊரக வேலைத் திட்டத்தில் இதைச் சேர்க்க முடியுமா என்று ஊராட்சியில் கேளுங்கள். பிடுங்கிய இடத்தில் கொழுக்கட்டைப்புல் விதை தூவுங்கள், வெற்றுத் தரை விடாதீர்கள்.

புதுமடை | நவம்பர் 14, மாலை 6.45

பிடுங்கிப் பார்த்தோம். நீங்கள் சொன்ன தழும்பு தெரிகிறது. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை அண்ணே. ஒரு வட்டத்தில் மட்டும் கால் வைக்க இடமில்லாமல் முளைத்திருக்கிறது. கோடையில் அங்கேதான் வெளியூர்க் கிடைமாடு பத்து நாள் அடைந்திருந்தது.

கண்மாய்க்கரை | நவம்பர் 14, இரவு 8.30

அந்த வட்டத்தைச் சுற்றி இப்போதே நான்கு கல் நட்டு, பதிவேட்டில் இடத்தை எழுதிவையுங்கள். அடுத்த மழைக்கும் அங்கேதான் முதலில் போய்ப் பார்க்க வேண்டும். கிடை போடுகிறவர்களிடம் ஊர்க்கூட்டம் தைக்குள் பேசட்டும், சித்திரையில் அவர்கள் திரும்ப வருவார்கள்.